ஒன்று குறைய முப்பது

“ஆட்,” என்றார் தலைவர். இந்தியில் எட்டு, எட்டாம் பத்தி. யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் சம்மதம், இந்த அறையின் வழக்கம் அது. எம்.பி.யாகத் தில்லிக்கு வந்த புதிதில் பூங்காவனத்துக்கு அது விசித்திரமாக இருந்தது. அவள் பாடம் எடுத்த ஒன்றாம் வகுப்பில் பதில் சொல்லாத பிள்ளைக்குப் பதில் தெரியவில்லை என்றுதான் பொருள். இங்கே பதில் சொல்லாத பெரியவர்கள் எல்லாவற்றுக்கும் ஒப்புக்கொண்டவர்கள். நீண்ட மேசை, தம்ளர்களின் மேல் காகித மூடி, ஒவ்வொரு உறுப்பினருக்கும் முன்னால் கழுத்தை வளைத்துக்கொண்டு நிற்கும் ஒரு மைக், மூன்று பேருக்கு ஒன்றாக முந்திரிப் பருப்புத் தட்டு. நாட்டின் ஆஸ்பத்திரிகளையும் மருந்தையும் நோயாளிகளையும் பற்றி அரசு என்ன செய்கிறது என்று மேற்பார்வை பார்க்கிற நாடாளுமன்றக் குழு இது. போன வருஷம் குழு பரிந்துரைகளைச் சொன்னது, அமைச்சகம் ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதியது, அந்தப் பதில்களை இன்று அத்தியாயமாகப் பிரித்து முடிக்க வேண்டும். இரண்டாம் அத்தியாயம், அரசு ஏற்றுக்கொண்டவை. நான்காம் அத்தியாயம், அரசின் பதில் போதாது, மீண்டும் வலியுறுத்துகிறோம் என்பவை. நடுவில் மூன்றாவது: அரசின் பதிலைக் கண்டபின் குழு மேற்கொண்டு பின்தொடர விரும்பாதவை. விரும்பாதவை. அந்தச் சொல்லை அவள் நேற்றிலிருந்து வாய்க்குள் புரட்டிக்கொண்டிருந்தாள், பாக்குத் துண்டுபோல அது கரையவே இல்லை. யார் விரும்பவில்லை? யாரிடம் கேட்டார்கள்? அலுவலகத்தார் தயாரித்த வரைவில் இருபத்தொன்பதாம் பத்தி மூன்றாம் அத்தியாயத்தில் கிடந்தது. அந்தப் பத்தியில்தான் குமுதாவின் பத்து நாள் இருந்தது. தலைவர் இருபத்தொன்பது என்று சொல்லும்போது அவள் கையைத் தூக்க வேண்டும், இதை நான்காம் அத்தியாயத்துக்கு மாற்றுங்கள் என்று சொல்ல வேண்டும். ஒரே வாக்கியம். காலையில் கண்ணாடி முன் நின்று ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்திருந்தாள். தூக்க வேண்டிய கை இப்போது மடியில், புடவைத் தலைப்பின் ஓரத்தைச் சுருட்டிச் சுருட்டி விட்டுக்கொண்டிருந்தது.

“என்ன டீச்சரம்மா, முந்திரிய எண்ணுதியளா? சத்துணவுக் கூடம்னு நெனச்சியளோ?” பக்கத்து நாற்காலியில் பர்னபாஸ். கடற்கரைத் தொகுதிக்காரர், எதிர்க்கட்சி, அவையில் அவளைப் பார்த்துக் கத்துகிறவர், இந்த அறைக்குள் வந்துவிட்டால் அவளுக்குத் தட்டை நகர்த்திக் கொடுக்கிறவர். “எங்க பள்ளிக்கூடத்துல முந்திரி ஏதுங்க, முட்டையே எண்ணித்தான் போடுவோம்,” என்றாள் அவள் தணிந்த குரலில். அவர் சிரித்தார். “உங்க பத்தி வரட்டும். நீங்க கையத் தூக்குங்க, நான் கூடச் சேந்து ரெண்டு சத்தம் போடுதேன். ரெண்டு கச்சியும் ஒண்ணாக் கத்துனா தலைவரு பயந்துருவாரு.” சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருடைய சட்டைப்பையில் போன் துடித்தது, எடுத்துப் பார்த்து, “எம் மவ. இப்பம் வந்துருதேன்,” என்று எழுந்து போய்விட்டார். அவர் எழுந்த நாற்காலி மெதுவாகச் சுழன்று வேறு பக்கம் பார்த்து நின்றது. அடுத்து தலைவர், “உன்னீஸ்,” என்றார். பத்தொன்பது. அதுவும் மூன்றாம் அத்தியாயம்தான், பயிற்சி மருத்துவர்களின் விடுதி பற்றி. மலைநாட்டு உறுப்பினர் ஒருவர் உடனே மைக்கை அழுத்தினார், சிவப்பு விளக்கு எரிந்தது, பேசத் தொடங்கினார். அவர் தொடங்கினால் சுருக்கமாக முடிப்பவர் அல்ல. இன்னும் நேரம் இருக்கிறது என்று பூங்காவனம் மூச்சு விட்டாள். மொழிபெயர்ப்பு கேட்கிற காதுக்கருவியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். தோட்டுத் திருகாணியில் அழுத்தி அழுத்திக் காது மடல் கன்றிப்போயிருந்தது. எண்களுக்கு அவளுக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை, ஒன்றிலிருந்து நூறு வரை இந்தியில் அவளுக்குத் தெரியும், காரோட்டி ராம்சரணிடம் கற்றுக்கொண்டது. சிக்னலில் நிற்கிற நேரமெல்லாம் பாடம். அறுபது வயதுக்கு மேல் மாணவியாக இருப்பதில் ஒரு சுகம் இருந்தது. பாழாய்ப்போன எண்கள், ஒவ்வொன்றும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியவை, அதிலும் ஒன்பதில் முடிபவை படுத்தும் பாடு. பத்தொன்பது உன்னீஸ், இருபத்தொன்பது உன்தீஸ். நாக்கு நுனியில் ஒரு சின்னத் தட்டுதான் வித்தியாசம். உன்தீஸ் என்றால் ஒன்று குறைய முப்பது என்று ராம்சரண் விளக்கியபோது அவளுக்குப் பிடித்துப்போயிற்று. நம் தமிழிலும் அப்படி ஒன்று உண்டே, தொண்ணூறு. வாய் நிறைய நூறு என்கிறது, ஆனால் நூறு இல்லை. பத்துக் குறைகிறது.

“தொண்ணூறுல நூறு இருக்கே டீச்சர், அப்ப அது நூறை விடப் பெரிசா?” கேட்டது குமுதாதான். அப்போது ஒன்றாம் வகுப்பு, முன் வரிசையில், இரட்டைச் சடையில் ஒன்று அவிழ்ந்து தொங்க. முப்பது வருஷப் பாடத்தில் வேறு எந்தப் பிள்ளையும் கேட்காத கேள்வி. அன்றைக்குப் பூங்காவனத்துக்கும் பதில் தெரியவில்லை, நூறாகணும்னு ஆசைப்பட்ட எண் அது, பாவம், பத்துக் கொறைஞ்சிருச்சு, என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தாள், வகுப்பே தொண்ணூறுக்காக உச்சுக்கொட்டியது. பத்துக் குறைந்தது. பத்து நாள். இப்படியெல்லாம் முடிச்சுப் போடக் கூடாது, எண்ணுக்கு என்ன தெரியும். ஆனால் மனம் போட்டுக்கொண்டே இருந்தது. அவள் வகுப்பில் சன்னலைப் பார்க்கும் பிள்ளையை விடமாட்டாள், சுண்ணாம்புக் கட்டியால் பலகையில் ஒரு தட்டுத் தட்டுவாள், கண்ணு இங்கே, காது இங்கே, மனசு எங்கே? பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து, இங்கே டீச்சர், என்று கத்துவார்கள். குமுதாவைப் பிறகு அவள் பார்த்தது எம்.பி. தேர்தலுக்கு வாக்குக் கேட்டுப் போனபோது. தெருவில் எல்லாரும் வெளியே வந்து நிற்க ஒரு வீட்டிலிருந்து மட்டும் யாரும் வரவில்லை, உள்ளேயிருந்து குரல்தான் வந்தது, டீச்சர், உள்ள வாங்க, என்னால இப்ப வர முடியாது. போனாள். உள்ளே டெட்டாலும் பவுடரும் கலந்த வாசனை, தண்ணீர் மெத்தை, அதன்மேல் அவள் புருஷன் ஏழுமலை. பெங்களூரில் கட்டட வேலையில் சாரம் சரிந்து விழுந்தவன், இடுப்புக்குக் கீழே அசைவும் உணர்வும் இல்லை. குமுதா அவன் தோளுக்கு அடியில் ஒரு கையும் இடுப்புக்கு அடியில் ஒரு கையும் கொடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு அவனை ஒருக்களித்துத் திருப்பிக்கொண்டிருந்தாள். பாதித் திருப்பலில் விட்டுவிட்டு எப்படி வாசலுக்கு வருவாள்? திருப்பி முடித்துத் தலையணையை அண்டக் கொடுத்துவிட்டுச் சிரித்தாள். “சினிமால மாப்பிள்ளைதான் பொண்ணைத் தூக்குவாரு டீச்சர். எங்க வூட்ல பொண்ணுதான் மாப்பிள்ளையத் தூக்குது.” ஏழுமலை கட்டிலிலிருந்து, “தூக்கறப்பல்லாம் இன்னா திட்டு திட்டறா தெரியுமா டீச்சர்,” என்றான். “திட்டாத அன்னிக்குத்தான் எனக்கு பயமா இருக்கும்.” ராத்திரியிலும் அப்படித் திருப்பிப் போட வேண்டும், ஒரு தூக்கம் முழுசாகத் தூங்க முடியாது, திருப்பாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். குமுதா பேசும்போதெல்லாம் இடக்கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டிருந்ததைப் பூங்காவனம் பார்த்தாள். தூக்கித் தூக்கித் தோள் வலிக்கிறது போல என்று நினைத்தாள். பார்க்கத்தான் பார்த்தாள்.

மலைநாட்டு உறுப்பினர் தன் பேச்சில் விடுதியின் கழிப்பறைகளுக்கு வந்திருந்தார். யாரோ தம்ளர் மூடியை எடுத்தார்கள். குளிர்சாதனக் காற்று நேராகப் பிடரியில் விழுந்தது, தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். பார்ப்பது வேறு, பார்த்துக்கொள்வது வேறு. மூன்றாம் வகுப்பு இலக்கணம்தான் இது, ஒரு வினைச்சொல்லோடு கொள் என்று ஒன்று ஒட்டிக்கொண்டதும் கண் செய்கிற வேலை கைக்கு வந்துவிடுகிறது. குழு செய்வது மேற்பார்வை. மேலே இருந்து பார்ப்பது. அதில் கொள் இல்லை. போன வருஷம் இந்தக் குழு மாவட்டத்துக்கு வந்தபோது ஆட்சியர் அலுவலகக் கூடத்தில் வைத்து நோயாளிகளின் வீட்டாரைப் பேசச் சொன்னார்கள், குமுதாவையும் பூங்காவனம்தான் வரவழைத்தாள். ஏழுமலையின் அண்ணியை ஒரு வேளைக்குக் கெஞ்சி அவனருகே உட்காரவைத்துவிட்டு வந்திருந்தாள் குமுதா, நல்ல புடவை, அதிலும் அந்த டெட்டால் வாசனை. இத்தனை கோட்டுகளையும் பார்த்ததும் பயப்படுவாள் என்று நினைத்தால், மைக்கை வகுப்புத் தோழியின் கையைப்போலப் பிடித்துக்கொண்டாள். “எல்லாரும் பாத்துக்கறோம் பாத்துக்கறோம்னு சொல்லிட்டாங்க சார். பஞ்சாயத்துல சொன்னாங்க, ஆஸ்பத்திரில சொன்னாங்க. வந்து பாத்தவங்கதான் யாரும் இல்ல.” மொழிபெயர்க்க நின்ற அதிகாரி திணறினார். ஆங்கிலத்தில் பார்ப்பதற்கு ஒரு சொல், பார்த்துக்கொள்வதற்கு வேறு சொல், இரண்டையும் ஒரே சொல்லாக வைத்து அவள் அடித்த அடியை எப்படிக் கொண்டுபோவது? விட்டுவிட்டார். உனக்கு என்னம்மா வேண்டும் என்று தலைவர் கேட்டார். பணம் கேட்பாள், வேலை கேட்பாள் என்று பேனாக்கள் தயாராயின. “வருஷத்துல பத்து நாள் சார். தாலுகா ஆஸ்பத்திரில ஒரு கட்டில் போட்டு, பத்து நாள் மட்டும் இவரை அவங்க வெச்சுப் பாத்துக்கட்டும். அப்புறம் நானே கூட்டிட்டுப் போயிடறேன்.” அந்தப் பத்து நாளில் நீ என்ன செய்வாய் என்று இன்னொரு உறுப்பினர், வேடிக்கைபோல. “தூங்குவேன் சார்.” கூடம் சிரித்தது. தலைவர் மட்டும் சிரிக்கவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், அவருக்கும் வீட்டில் யாராவது படுத்திருப்பார்களோ, இல்லை வெறும் தூசியோ. அந்தப் பத்து நாள் அறிக்கையில் இருபத்தொன்பதாம் பத்தியாக வந்தது. வீட்டிலேயே நோயாளியைப் பராமரிப்போருக்கு ஓய்வளிக்கும் பொருட்டு, என்று தொடங்கும். பொருட்டு! தூங்குவேன் என்ற சொல் எங்கும் இல்லை. இருந்தாலும் அது அங்கேதான் இருக்கிறது, நூறுக்குள் ஒளிந்திருப்பது மாதிரி, இல்லை இல்லை, தொண்ணூறுக்குள், எது எதற்குள். பரிந்துரை உரிய கவனத்தில் கொள்ளப்பட்டுள்ளது, இது மாநிலங்களைச் சார்ந்த பொருள், உரிய காலத்தில் பரிசீலிக்கப்படும் என்று அமைச்சகம் எழுதிவிட்டது. பாத்துக்கறோம் என்பதைக் கோட்டு மாட்டி எழுதியிருந்தார்கள், அவ்வளவுதான். அதைக் கண்டபின் குழு விரும்பாதாம்.

குமுதா போனது பங்குனியில். மார்பில் கட்டி. எவ்வளவு காலமாக என்று யாருக்கும் தெரியாது. ஒரு தடவை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டிவிட்டு வர இரண்டு நாள் ஆகும், இவரை யார் திருப்பிப் போடுவார்கள், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்திருக்கிறாள். அவளும் அந்தச் சொல்லைத்தான் சொல்லியிருக்கிறாள், தன் உடம்பிடம். பத்து நாள் தூங்குவேன் என்று கூடத்தில் சொன்னாளே, அப்போதே அதற்குள் இந்த இரண்டு நாளும் இருந்ததோ? இடக்கை ஒட்டியே இருந்தது. சாவுக்குப் போனபோது ஏழுமலையைக் கட்டிலோடு தூக்கி வாசலில் வைத்திருந்தார்கள், பார்ப்பதற்கு வசதியாக. அவன் அழவில்லை. பூங்காவனம் குனிந்தபோது காதோடு சொன்னான், “திட்டறத நிறுத்திட்டா டீச்சர். தீவாளிக்கு அப்புறம் திட்டவே இல்ல. எனக்குத் தெரிஞ்சிருக்கணும்.” பறைக்காரர்கள் கொஞ்சம் தள்ளி நின்று அடித்தார்கள். வெயில் அவன் முகத்தில் விழுந்தது, யாருக்கும் கட்டிலைத் திருப்பத் தோன்றவில்லை, அவனாலும் திரும்ப முடியாது, கண்ணைச் சுருக்கிக்கொண்டே கிடந்தான், பூங்காவனம் தன் குடையை விரித்து அவன் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றாள், கை கடுத்தது, மாற்றிப் பிடித்தாள். உன்தீஸ், என்று எங்கோ ஒரு குரல். விடுதியைப் பற்றிப் பேசுகிறவர் இன்னும் பத்தொன்பதை முடிக்கவில்லையா, சரியான ஆள், என்று ஒரு நினைப்பு மேலாக ஓடியது. குடை நிழல் சின்னது. அவன் முகத்தை மூடினால் குமுதாவை மறைக்கும், குமுதாவை மறைக்காமல் பிடித்தால் வெயில் அவன் கண்ணில் விழும், அவள் குடையை இப்படியும் அப்படியும் சாய்த்துக்கொண்டே இருந்தாள், அண்ணி வந்து, வுடுங்க டீச்சர், நான் புடிக்கிறேன் என்று வாங்கிக்கொண்டாள். இப்போது அந்த அண்ணிதான் தன் வீட்டு வேலைக்கு நடுவே ஓடிவந்து திருப்பிவிட்டுப் போகிறாள். முடிகிறபோது வருகிறாள். முதுகில் புண் வந்துவிட்டது. இன்றைக்குக் காலையில் ஏழுமலை போனில் கூப்பிட்டான், போனைத் தலையணையில் வைத்துச் சத்தமாகப் பேசுவான், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருக்கும். “இன்னிக்கித்தானே டீச்சர்? அவ கேட்டது வருதில்ல? அண்ணியும் எத்தினி நாளைக்கு ஓடும்? அவ பேரு வராதுன்னு தெரியும், பரவால்ல. அந்தப் பத்து நாள் இருந்தாப் போதும். யாருக்கோ ஆவும்.” யாருக்கோ ஆவும் என்றான். அவனுக்கு ஆகும் என்றுகூடச் சொல்லவில்லை.

தாள்களைத் தட்டி அடுக்குகிற சத்தம் கேட்டது. பூங்காவனம் நிமிர்ந்தாள். பர்னபாஸ் திரும்பி வந்து நாற்காலியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார். “முடிஞ்சிட்டா? என்னாச்சு உங்க பத்தி? மாத்திட்டாவளா?” என்றார். எதிர் வரிசையில் இருந்தவர்கள் கடைசியான ஐந்தாம் அத்தியாயத்தின் பக்கத்தை விரித்து வைத்திருந்தார்கள். ஒருவர் பையை மூடிக்கொண்டிருந்தார். மேசைமேல் கழற்றிவைத்த காதுக்கருவி தனக்குத்தானே மெல்லப் பேசிக்கொண்டிருந்தது, எறும்பு பேசுவதுபோல, இதுவரை எல்லா எண்ணையும் அது சரியாகத்தான் சொல்லியிருக்கும். உன்தீஸ். நாக்கு நுனியில் ஒரு தட்டு. குடை பிடித்துக்கொண்டிருந்தபோது ஒரு குரல் வந்ததே, தலைவர் நிறுத்திச் சுற்றிலும் பார்த்திருப்பார், வழக்கமாகப் பார்ப்பார், அவள் முகத்தையும் பார்த்திருப்பார், அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் சம்மதம். கை தானாக மேலே போனது, பள்ளிக்கூடத்துக் கை, முழங்கை நேராக. மைக்கை அழுத்த மறந்துவிட்டாள், பர்னபாஸ் எட்டி அழுத்தினார். “ஐயா, இருபத்தொன்பது,” என்றாள், மனப்பாடம் செய்த ஆங்கில வாக்கியம் அதற்குமேல் வரவில்லை. தலைவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். அது முடிந்துவிட்டதே அம்மா, என்றார் அவருடைய மெதுவான ஆங்கிலத்தில், நான் கேட்டேன், இரண்டு தடவை கேட்டேன், உங்களைத்தான் பார்த்தேன், நீங்கள் தலையை ஆட்டியதாக எனக்குத் தோன்றியது. தலையை ஆட்டினாளா? குடையைச் சாய்த்துச் சாய்த்துப் பிடித்தாளே, தலையும் கூடவே ஆடியிருக்குமோ? “அந்தம்மாவுக்குக் காது கேக்கல, மறுபடியும் எடுங்க,” என்று பர்னபாஸ் குரலை உயர்த்தினார். வரைவு முழுவதும் ஏற்கப்பட்டுவிட்டது, நாளை அவையில் வைக்கிறோம், ஒருவருக்காகத் திறந்தால் எல்லாருக்காகவும் திறக்க வேண்டும், அடுத்த ஆண்டு புதிதாகக் கேளுங்கள், என்றார் தலைவர். கெட்டவர் அல்ல. சொல்லும்போது முகம் வாடித்தான் இருந்தது. அடுத்த ஆண்டு கேட்டால் அமைச்சகம் என்ன எழுதும் என்று அவளுக்குத் தெரியும், அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும்: இதைக் குழுவே பின்தொடர விரும்பவில்லை என்று எழுதும். ஆதாரத்துக்கு இந்தப் பக்கத்தைக் காட்டும்.

நாற்காலிகள் பின்னால் நகர்ந்தன. பர்னபாஸ் முந்திரித் தட்டைப் பார்த்தார், எடுக்கவில்லை. “நான் வெளிய போயிருக்கக் கூடாது. மவ பரிச்சைக்குப் பயமா இருக்குன்னு போன் பண்ணா, அதான்.” “உங்க மேல என்னங்க இருக்கு,” என்றாள் பூங்காவனம். கண்ணு இங்கே, காது இங்கே, மனசு எங்கே. மனசு குமுதாவிடம்தான் இருந்தது, வேறெங்கும் போகவில்லை, அதுவும் ஒரு சன்னல்தான் என்று யார் கண்டார்கள். அவளையே நினைத்துக்கொண்டிருந்ததில் அவள் கேட்டதை விட்டுவிட்டேனே. தாழ்வாரத்தில் வெயில் நீளமாக விழுந்திருந்தது. காவலர் ஒருவர் சலாம் வைத்தார். படியருகில் ராம்சரண் காரைக் கொண்டுவந்து நிறுத்திக் கதவைத் திறந்தான், இன்றைக்கு எந்த எண் மேடம் என்று வழக்கம்போலச் சிரிக்கப்போனவன், முகத்தைப் பார்த்துக் கதவை இன்னும் அகலத் திறந்து பிடித்தான். உள்ளே உட்காரும் முன்பே கைப்பைக்குள் போன் துடித்தது. யார் என்று பார்க்க வேண்டியதில்லை. காதில் வைத்தாள். கிணற்றுக்குள்ளிருந்து அவன் குரல், பின்னால் அண்ணி பாத்திரம் நகர்த்துகிற சத்தம். “டீச்சர், முடிஞ்சிதா? இன்னா சொன்னாங்க? அவளுது இருக்குதுல்ல?” சொல்லிவிட வேண்டும், விட்டுட்டேன் ஏழுமலை, நான்தான் விட்டுட்டேன், கவனிக்கலை, என்று சொல்லிவிட வேண்டும், ஒரே வாக்கியம், தமிழ்தான், மனப்பாடம்கூட வேண்டாம். வாயைத் திறந்தாள். “பாத்துக்கலாம், ஏழுமலை,” என்றாள்.

அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. அவன் வீட்டுக்கு அந்தச் சொல்லை நன்றாகத் தெரியும், பஞ்சாயத்திலிருந்தும் ஆஸ்பத்திரியிலிருந்தும் அது பல தடவை வந்து போயிருக்கிறது, எங்கிருந்து வந்தாலும் அதற்கு ஒரே பொருள்தான். தலையணையில் அவன் முகம் திரும்புகிற உராய்வு கேட்டது, திருப்ப முடிந்தது அது ஒன்றுதான்.

“சரி டீச்சர்,” என்றான் ஏழுமலை. பிறகு, அவள் எதுவும் சொல்வதற்குள், அவளுக்கு ஆறுதலாக, “நேரத்துக்குச் சாப்புடுங்க. ஒடம்பப் பாத்துக்குங்க,” என்றான்.